எண்ணெய் படிந்த ஆறும் மீன் செல்லும் வழியும்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் காலையிற் குழாயைத் திறப்போர், அந்த நீர் எங்கிருந்து வருகின்றது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. சிவனொளிபாத மலைத் தொடரில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளியருகே கடலோடு கலக்கும் களனி கங்கையே கொழும்பு மாநகரின் குடிநீரிற் பெரும்பகுதியை அளிக்கின்றது. அம்பத்தளையில் அந்நீரை எடுத்துச் சுத்திகரித்து நகருக்கு அனுப்புகின்றனர்.

2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஆற்றோரத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீசல் எண்ணெய் கசிந்து களனியில் இறங்கியது. நீர் வழங்கல் தடைப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை அத்தொழிற்சாலையின் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தியது. குழாயில் மீண்டும் நல்ல நீர் வந்ததும் நகர மக்கள் ஆறுதலடைந்தனர். ஆயின், குழாய் தெளிந்துவிட்டால் ஆறும் தெளிந்துவிட்டதாகுமா?

டீசல் மெல்லிய எண்ணெய். நீரின்மேற் படலமாய்ப் பரந்து, அதில் ஒரு பகுதி வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிவிடும். கண்ணுக்கு அது மறைந்துபோனதாகவே தோன்றும். ஆனால் எஞ்சியதில் நச்சுத்தன்மை மிக்க ஐதரோகாபன்கள் சேற்றோடும் மணலோடும் ஒட்டி அடியிற் படிகின்றன. மீன் முட்டையிடுவதும், மீன்குஞ்சுக்கு இரையாகும் புழு பூச்சிகள் வாழ்வதும் அந்த அடித்தரையிலேதான். மேலே நீர் தெளிந்திருக்க, கீழே தொட்டில் நஞ்சாகியிருத்தல் கூடும்.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது அலாஸ்கா மாநிலத்தில் நேர்ந்த பெருவிபத்து. 1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி, ‘எக்சன் வால்டீஸ்’ என்னும் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 37,000 தொன் எண்ணெயைக் கடலிற் கொட்டியது. கரையைக் கழுவவென்று கொதிநீரை விசையோடு பீச்சினர். எண்ணெய் அகன்றது, அதனோடு எண்ணெய்க்குத் தப்பிப் பிழைத்த சிற்றுயிர்களும் மடிந்தன. ஓடை முகங்களில் முட்டையிடும் சமன் மீனின் முட்டைகள், எண்ணெய் படிந்த ஓடைகளிற் பல ஆண்டுகள் வரை கூடுதலாக அழிந்தமையை ஆய்வாளர் கண்டனர்.

1991ஆம் ஆண்டின் இணக்கத்தின்படி அக்கம்பனி 90 கோடி டொலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அப்பணம் எண்ணெய் வழிப்பதற்கு மட்டும் செலவாகவில்லை. ஓடைக் கரைக் காடுகள் வெட்டப்படாதிருக்க நிலங்கள் வாங்கப்பட்டன. அருவி மறித்த இடத்தில் மீன் ஏறிச் செல்லும் படிகளும் சீர்செய்யப்பட்டன. கெட்டுப்போன ஓடையிற் குறைந்த மீனை, நல்ல ஓடைக்கு வழிதிறந்து பெருக்கலாம் என்பதே அதன் கருத்து.

களனியிற் சமன் மீன் இல்லை. ஆயினும் வழிப்போக்கர் உண்டு. விலாங்கு கடலிற் பிறந்து, நூல்போன்ற குஞ்சாய் ஆற்றில் ஏறி, வளர்ந்தபின் முட்டையிட மீண்டும் கடலுக்குச் செல்வது. பெரிய நன்னீர் இறாலோ ஆற்றில் வாழ்ந்து, தன் இளம்பருவத்தை உவர்நீரிற் கழிப்பது. இவை இரண்டிற்கும் முகத்துவாரம் திறந்திருத்தல் வேண்டும். நடுவழி மறிபடாதிருத்தலும் வேண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. வறட்சிக் காலத்திற் கடல்நீர் மேலேறிக் குடிநீரைக் கெடுக்காதிருக்க அம்பத்தளையில் மணல் மூடைகளால் ஆற்றை மறித்ததுண்டு. மனிதருக்கு அது தேவை. மீனுக்கு அது மதில். வெள்ளவத்தைக் கால்வாயின் வாயிலும் அலை கொணரும் மணல் சேர்ந்து அடைப்பதுண்டு. வாகனத் திருத்துமிடங்களின் கழிவெண்ணெய் வடிகாலில் ஊற்றப்படுமாயின், அது சென்று தேங்கும் இடமும் இத்தகைய கால்வாய்களே. பெரிய கசிவு செய்தித்தாளில் வரும். நாள்தோறும் சொட்டும் சிறு கசிவு வருவதில்லை.

பரிகாரம் யாது? எண்ணெய் இறங்கியவுடன் மிதவைத் தடுப்புகளால் மறித்து உறிஞ்சுதல் முதற்படி. அடிச்சேற்றைப் பல பருவங்கள் சோதித்தல் இரண்டாம் படி. கரையில் நாணலும் கண்டலும் வளரவிட்டு நிழலும் புகலிடமும் அளித்தல் மூன்றாம் படி. வழியைத் திறத்தல் நான்காம் படி. மதகுக் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குமேல் தொங்காதவாறு தாழ்த்தி அமைத்தால் சிறுமீன் உள்ளே புகும். விலாங்குக் குஞ்சுக்குப் பெரிய படிக்கட்டு வேண்டுவதில்லை. நீர் கசிந்து ஈரமாயிருக்கும் சொரசொரப்பான சாய்தளமும், அதன்மேற் பற்றியேறக் கயிறோ தூரிகையோ இருந்தாற் போதும். தும்புத் தொழில் தழைத்த நாட்டுக்கு இது எட்டாத செலவன்று.

2018ஆம் ஆண்டிற் கொழும்பு, றம்சார் ஈரநில நகரம் எனும் அங்கீகாரம் பெற்றது. அப்பெயர் பெருமைக்குரியது; பொறுப்புக்கும் உரியது. ஆற்றிற் கசிந்த எண்ணெய்க்குப் பெறும் நட்டஈடு, நீர் வழங்கல் தடைப்பட்ட நாட்களுக்கு மட்டும் கணக்கிடப்படுமாயின், ஆற்றுக்கு உரிய பங்கு ஆற்றைச் சேராது. வாய்பேசாத உயிர்களின் பெயராலும் அக்கணக்கில் ஒரு வரி எழுதப்படல் வேண்டும். மாரிக்காலப் பெருக்கிலே களனியில் விலாங்குக் குஞ்சு தடையின்றி மேலேறும் நாளே, ஆறு நலம் பெற்ற நாள்.