தாதாவின் கைநாட்டு



தாத்தா இல்லாத குடும்பம் இல்லை. தாத்தாவின் பெயரைக் கேட்டால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தாத்தாவின் அப்பா பெயர் என்ன? இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். அவருக்கும் முந்தியவர் பெயரைக் கேட்டால் வீட்டில் பெரியவர்களே விழிப்பார்கள்.

ஆனால் இந்தப் பெயர்களை எழுதி வைத்திருக்கும் ஊர் ஒன்று உண்டு. அதுதான் ஹரித்வார். கங்கை ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடம். முன்பு உத்தரப் பிரதேசத்தில் இருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது.

வடநாட்டு இந்துக் குடும்பங்கள் பல, இறந்தவரின் அஸ்தியைக் கரைக்க இங்கே வருகின்றன. அங்கே பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நீளமான பேரேடுகள் உண்டு. 'பஹி' என்று அவற்றுக்குப் பெயர். வருகிறவரிடம் பண்டா கேட்பார்: "எந்த மாவட்டம்? எந்த ஊர்? என்ன சாதி?" ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பண்டா. உரியவரிடம் போனால், அந்தக் குடும்பத்தின் பக்கத்தைப் பிரித்துவிடுவார்.

ஹரியானாவில் ரோத்தக் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். கட்டட வேலை செய்யும் ஒருவர். அவருடைய தாத்தா இறந்துவிட்டார். இந்தியில் அப்பாவின் அப்பாவைத் 'தாதா' என்பார்கள். அம்மாவின் அப்பாவை 'நானா' என்பார்கள். இவரை வளர்த்தவர் தாதாதான். பேரனுக்கு நடக்கக் கற்றுக் கொடுத்தவர். மாடு பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். எழுத்து மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை. அது அவருக்கே தெரியாது. பேரன் வளர்ந்த பிறகு, மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார்.

பேரன் அஸ்திச் செம்போடு ஹரித்வார் போகிறார். பண்டா பேரேட்டைப் பிரித்துப் படிக்கிறார். முன்பு தாதா தன் தகப்பனாரின் அஸ்தியோடு இங்கே வந்திருக்கிறார். வந்த நாள் இருக்கிறது. கூட வந்தவர்கள் பெயர் இருக்கிறது. கீழே தாதாவின் கைநாட்டு. அதன் நடுவே ஒரு வெள்ளைக் கோடு. சின்ன வயதில் அரிவாள் வெட்டிய தழும்பு அது. பேரன் எத்தனையோ முறை தடவிப் பார்த்த தழும்பு. அதுவரை அழாதவர் அங்கே அழுகிறார்.

பிறகு புது விவரங்களை எழுத வேண்டும். யார் இறந்தார், யார் பிறந்தார், யாருக்குக் கல்யாணம் ஆனது என்று பண்டா கேட்டு எழுதுகிறார். கடைசியில் மைப்பெட்டியைத் தள்ளுகிறார். பேரன் பேனாவைக் கேட்கிறார்.

இந்தப் பேரேடுகளின் அருமை 1947-இல் தெரிந்தது. நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து லட்சக்கணக்கானோர் ஓடி வந்தார்கள். வீடு போயிற்று. பத்திரம் போயிற்று. பாகிஸ்தானில் நின்றுவிட்ட அந்த ஊர்களின் பேரேடுகள் மட்டும் ஹரித்வாரில் பத்திரமாக இருந்தன. சொத்து வழக்குகளிலும் இந்த ஏடுகளைச் சான்றாகக் காட்டியிருக்கிறார்கள்.

குறையும் உண்டு. சொல்லத்தான் வேண்டும். இந்த ஏடுகளில் பெண்களின் பெயர் குறைவு. தாதா பெயர் கிடைக்கும். அவரோடு பாதி வயலை உழைத்துக் காத்த பாட்டியின் பெயரைத் தேட வேண்டியிருக்கும். பெண் பிள்ளைகளின் பெயரைப் பல குடும்பங்கள் சொன்னதே இல்லை. சொன்னால்தானே எழுத முடியும்!

இன்னொன்று. பேரேட்டில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், தேதி இருக்கும். தாதா எந்தப் பஞ்சத்தில் ஊரை விட்டுப் போனார்? யாரிடம் கடன் பட்டார்? எப்படி அடைத்தார்? எந்த மாட்டை விற்றபோது மூன்று நாள் சாப்பிடவில்லை? அது எதுவும் பண்டாவுக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும் போய்விட்டால் அதுவும் போயிற்று.

தாத்தா இறந்தால் அரசாங்கப் பதிவேடும் ஒன்று உண்டு. எல்லா மதத்தாருக்கும், எல்லாச் சாதியாருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். காலத்தில் பதிந்தால் கட்டணம் இல்லை. சான்றிதழில் பெயர், தகப்பனார் பெயர், தேதி எல்லாம் சரியா என்று எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் நிலப் பட்டா மாற்றும்போது அலைய நேரும்.

மற்ற கதையை எழுத ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தப்பில்லாமல் எழுத வேண்டும் என்பதில்லை. ஒரு நாளைக்கு நான்கு வரி எழுதலாம். தாத்தா எங்கே பிறந்தார், என்ன வேலை செய்தார், எந்தக் கிணறு வெட்டினார், எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று எழுதலாம்.

தாத்தா உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டு எழுதலாம். ஆனால் தன்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது. "அது ஒன்றும் அப்படி இல்லை" என்று பாட்டி ஆரம்பிப்பார். அதையும் எழுத வேண்டும். அப்படியே பாட்டியின் அம்மா பெயரையும் கேட்டு, முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.