அழைத்துவரப்பட்டவரின் மௌனம்

பதின்வயதினருக்கான உளசிகிச்சை குறித்த இக்கருத்தரங்கின் பொருளில் அடங்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, குடும்பச் சிகிச்சை, ஊக்கமூட்டும் நேர்காணல் ஆகியவற்றின் அடிப்படைகளை அவையோர் நன்கறிவர். அவற்றின் அண்மைக்கால வளர்ச்சியை அடுத்துவரும் அமர்வுகள் விரித்துரைக்கும். ஆகவே, அம்முறைகளுள் எதையும் கையில் எடுப்பதற்கு முன்னரே, முதல் சந்திப்பின் முதற்சில நிமிடங்களில் முடிவாகிவிடும் ஒரு சிக்கலை மட்டும் இவ்வுரை எடுத்துக்கொள்கிறது.

பதின்வயதினருள் பெரும்பாலோர் சிகிச்சைக்குத் தாமாக வருவதில்லை. மதிப்பெண் குறைந்தது என்றோ, கைபேசியை விடுவதில்லை என்றோ, வீட்டில் எதிர்த்துப் பேசுகின்றனர் என்றோ பெற்றோராலும் பள்ளியாலும் அழைத்துவரப்படுகின்றனர். அவ்வாறு வந்து வாய்திறவாமல் அமர்ந்திருப்பவரைப் பற்றி ‘எதிர்ப்பு மிகுதி, ஒத்துழைப்பு இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. பிராய்டின் மரபில் எதிர்ப்பு என்பது, வலிதரும் எண்ணங்கள் நனவுக்கு வராதபடி சிகிச்சை பெறுபவர் தம்மையறியாமல் இடும் தடையைக் குறிக்கும். தாம் கேட்காத சிகிச்சைக்கு முன் நிறுத்தப்பட்ட ஒருவர், அறிந்தே மௌனம் காப்பதை அச்சொல்லால் சுட்டுவது பிழையான கண்டறிதலாகும்.

‘அந்த வயதே அப்படித்தான்’ என்ற விளக்கமும் இங்குப் பொருந்தாது. இப்பருவத்தின் கொந்தளிப்பு இயல்பானது என்றும், அது இல்லாமையே ஐயத்திற்குரியது என்றும் அன்னா பிராய்டு 1958இல் எழுதினார். ஆயின் சிக்காகோ வட்டார உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து டேனியல் ஆஃபர் 1969இல் வெளியிட்ட நூல், அவர்களுள் பெரும்பாலோர் பெருங்கொந்தளிப்பின்றியே அப்பருவத்தைக் கடந்தனர் என்று காட்டிய பின்னரும், பழைய கருத்து நமது பாடத்திட்டங்களில் கேள்வியின்றித் தொடர்வது வருந்தத்தக்கது.

இவ்விடத்தில், உரிய கவனம் பெறாத ஒரு நூலை நினைவூட்டுவது கடமையாகிறது. வியன்னாவில் பள்ளி ஆசிரியராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்த அகஸ்ட் ஐக்ஹார்ன், நெறிபிறழ்ந்த இளையோரைப் பற்றி 1925இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை வழங்கியவர் சிக்மண்ட் பிராய்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஓபர்-ஹொல்லாபுருனில் அத்தகைய இளையோருக்கென இருந்த இல்லத்தில், எவராலும் அடக்க இயலாத 12 சிறுவரைத் தனிக்குழுவாக வைத்த ஐக்ஹார்ன், ஒருவருக்கொருவர் காயம் விளைவிக்கும் நிலை வந்தாலன்றித் தடுக்கவோ தண்டிக்கவோ வேண்டாம் என்று பொறுப்பாளர்களைப் பணித்தார். மேசை நாற்காலிகளையும் கண்ணாடிகளையும் உடைக்குமளவுக்கு உச்சத்தை எட்டிய வன்முறை, எதிர்வன்முறை கிடைக்காமையால் மெல்லத் தளர்ந்தது. இதனினும் முதன்மையானது அவர் நிகழ்த்திய முதல் நேர்காணல் முறையாகும்: தாம் காவலரோ துப்பறிபவரோ அல்லர் என்றும், விரும்பாத கேள்விக்கு விடை கூற வேண்டியதில்லை என்றும் தொடக்கத்திலேயே தெளிவாக்கி, மறுக்கும் உரிமையை இளையவரிடமே ஒப்படைத்தார்.

ஐக்ஹார்னைச் சீர்திருத்தப் பள்ளிகளின் வரலாற்றுக்குரியவர் என்று ஒதுக்கிய மதிப்பிற்குரிய அறிஞர்கள் உளர். அவருடைய வெற்றி அவரது தனித்திறனால் விளைந்தது, பிறருக்குக் கற்பிக்க இயலாதது என்னும் அவர்களது வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் பின்னாளைய ஆய்வுகள் அதனை முழுமையாக ஏற்க இடமளிக்கவில்லை. சிகிச்சைக் கூட்டுறவு என்பது இலக்கில் உடன்பாடு, செய்முறையில் உடன்பாடு, இருவரிடையே பிணைப்பு ஆகிய மூன்றால் அமைவது என்று எட்வர்ட் போர்டின் 1979இல் வகுத்தார். நமது மருத்துவமனைகளிலோ இலக்கைப் பெற்றோரிடமே கேட்டு முடித்துவிடுகிறோம். சிறார், பதின்வயதினர் சிகிச்சை பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து ஷிர்க், கார்வர் இருவரும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, உறவின் தரத்திற்கும் பயனுக்கும் மிதமான, ஆனால் சீரான தொடர்பு இருப்பதையும், அத்தொடர்பு அடங்காமை, வன்செயல் போன்ற புறநடத்தைச் சிக்கல் உடையோரிடம் வலுவாக இருப்பதையும் காட்டியது. ஐக்ஹார்ன் பணியாற்றியது துல்லியமாக அத்தகையோரிடமே.

மறுக்கும் உரிமையை வழங்குவது, எல்லாவற்றையும் மறைத்துவைப்பதாக வாக்களிப்பதாகாது. 18 வயது நிறைவடையாதோருக்கு அவர்தம் சட்டப்படியான பாதுகாவலரையே பிரதிநிதியாக 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கொள்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தன் 19ஆம் பிரிவின்வழி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இளையவர் மனம்திறந்து பேசிய பிறகு இவ்வெல்லைகளைச் சொல்லும் சிகிச்சையாளர், அவர் வைத்த நம்பிக்கையைத் தாமே முறிக்கிறார். எனவே எது வெளியே செல்லும், எது செல்லாது என்பதைப் பெற்றோரும் இளையவரும் ஒருங்கே கேட்கும்படி முதல் சந்திப்பிலேயே கூறுதல் வேண்டும். அதன்பின் பெற்றோரை வெளியே அமரச் செய்து, இளையவர் வேண்டுவது யாது என்று தனியே வினவுதல் வேண்டும். நாம் பயன்படுத்தும் பதிவுப் படிவங்களில் ‘ஒத்துழைப்பு’ என்னும் கட்டத்தை நீக்கி, ‘சிகிச்சையைக் கோரியவர் யார், இளையவர் தாமே கூறிய இலக்கு யாது’ என்ற இரு கட்டங்களைச் சேர்க்கும் முன்மொழிவை இந்த அவை முதலாவதாக விவாதிக்குமாறு இவ்வுரை வேண்டுகிறது.