துணை மின் நிலையங்களில் பழுதறிதல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



உயர் மின்னழுத்தத்தில் வரும் மின்சாரத்தைக் குறைந்த அழுத்தத்திற்கு மாற்றிப் பகிர்ந்தளிக்கும் இடமே துணை மின் நிலையம். அதன் உயிர்நாடி மின்மாற்றி. அதில் நேரும் பழுது திடீரெனத் தோன்றுவதுபோல் காணப்படினும், பெரும்பாலும் முன்னரே அடையாளம் காட்டிவிடுகிறது. அவ்வடையாளங்களைப் படித்தறிவது எவ்வாறு என்பதையே நாம் இங்குக் கூற விழைகிறோம்.

மின்மாற்றியில் நிரப்பிய எண்ணெய் வெப்பத்தைத் தணிப்பதுடன் மின்காப்பாகவும் பயன்படுகிறது. உள்ளே நிகழும் கேடுகளுக்கு அவ்வெண்ணெயே சாட்சி. அதில் கரைந்துள்ள வாயுக்களை ஆய்வுக்கூடத்தில் பிரித்து அளக்கின்றனர். அசிட்டிலீன் மிகுந்திருப்பின் உள்ளே மின்பொறி எழுந்துள்ளது எனலாம். எத்திலீன் மிகுந்திருப்பின் எண்ணெய் அளவுமீறிச் சூடேறியுள்ளது. கார்பன் மோனாக்சைடு மிகுமாயின் கம்பிச் சுருளைச் சுற்றிய காகிதம் கருகுகிறதோ என ஐயுற வேண்டும்.

ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் புக்ஹோல்ஸ் 1921 ஆம் ஆண்டில் உருவாக்கிய ரிலேயும் இவ்வடிப்படையிலேயே இயங்குகிறது. வாயு மெல்லச் சேர்ந்தால் அது மணியடித்து எச்சரிக்கும். எண்ணெய் வேகமாகப் பாய்ந்தால் மின்மாற்றியையே இணைப்பினின்று துண்டிக்கும். அவ்வாறு துண்டித்தபின், காரணம் அறியாது மீண்டும் மின்னூட்டுதல் பெருந்தவறு. இயங்கிய ரிலே எதுவெனக் குறித்து, வாயுவைச் சோதித்து, மெக்கர் கருவியால் மின்காப்பை அளந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

ஆயினும் நண்பர்களே, பழுதை அறிவது மட்டும் போதுமா? இலண்டனின் மேற்கே நார்த் ஹைட் என்னும் துணை மின் நிலையத்தில், 2025 மார்ச் 20 இரவில் 275 கிலோவோல்ட் மின்மாற்றி ஒன்று தீப்பற்றியது. ஏறத்தாழ 67,000 இணைப்புகள் மின்சாரம் இழந்தன. ஹீத்ரோ விமான நிலையம் மறுநாள் பெரும்பகுதி நேரம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை, மின்மாற்றியின் புஷிங்கில் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்றது. புஷிங் என்பது உயர் அழுத்தக் கம்பி உலோகத் தொட்டியைத் தொடாமல் உள்ளே செல்ல உதவும் காப்புக் குழல்.

வியப்பு யாதெனில், அந்த ஈரம் 2018 ஜூலையில் எடுத்த எண்ணெய் மாதிரியிலேயே தெரிந்திருந்தது! அவ்வளவு ஈரம் இருப்பின் புஷிங்கை மாற்ற வேண்டும் என்று விதிமுறையும் இருந்தது. மாற்றப்படவில்லை. சோதனை உண்மையைச் சொன்னது, அது செயலாகவில்லை.

இளைஞர்களே, உங்களுள் சிலர் நாளை இத்துறையில் பணியேற்பீர்கள். எண்ணெய் மாதிரி எடுப்பவர் கடைநிலைப் பணியாளராக இருக்கலாம். எனினும், ஏட்டில் எழுதிய எண்ணின் பொருளை உணர்ந்தவரே, "இதற்கு என்ன செய்தீர்கள்?" என மேலோரைக் கேட்க முடியும். அங்ஙனம் கேட்கும் அறிவையும் துணிவையும் ஒருங்கே தருவதே கல்வி. அத்தகைய கல்வியை நீங்கள் பெறுக என வாழ்த்தி அமைகிறோம்.