இஸ்ஸா, ஆரா?

இந்த எபிசோடைத் தென்காசி வீட்டு மொட்டை மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். சாரல் நேரம், காத்து சத்தம் வரும், பொறுத்துக்கோங்க.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கிளையன்ட் கால்ல நான் சொன்னது: "த ப்ராப்ளம் ஆர் டூ ஃபைல்ஸ்." மியூட் போட மறந்த யாரோ சிரிச்சாங்க. அப்புறமா என் லீட், "அங்க இஸ் வரணும்"னார். ஏன்னு சொல்லல. ஃபைல் ரெண்டாச்சே, எப்படி இஸ்? அதிலிருந்து கால்ல நானா வாயைத் திறக்கிறது நின்னுபோச்சு. எல்லாம் சாட்லதான். அப்ரைசல்ல 'பேசுவதில்லை'ன்னு ஒரு வரியும் வந்தது.

போன வாரம் அக்கா மகள் குற்றாலத்தைப் பத்தி ஸ்கூலுக்கு ஒரு பாரா எழுதிக்கிட்டிருந்தா. "மாமா, த மெயின் அட்ராக்ஷன்னு ஆரம்பிச்சுட்டேன். இஸ்ஸா, ஆரா? அருவி நிறைய இருக்கே?" என்னோட அதே கேள்வி! தெரியாதுன்னு சொல்ல வெக்கம். ராத்திரி உக்காந்து படிச்சேன்.

தமிழ்ல 'குற்றாலத்தோட சிறப்பு அருவிகள்'னு சொன்னா முடிஞ்சது. நடுவுல வினைச்சொல்லே கிடையாது, அதனால ஒருமையா பன்மையான்னு யோசிக்க வேண்டியதே இல்ல. இங்கிலீஷ்ல ஒண்ணு போட்டாகணும். அது எழுவாயை மட்டும்தான் பாக்கும், பின்னால எத்தனை அருவி கொட்டினாலும் சரி. அட்ராக்ஷன் ஒண்ணு, அதனால 'இஸ் த வாட்டர்ஃபால்ஸ்'. காதுக்கு உறுத்துதா? திருப்பிப் போடுங்க: 'த வாட்டர்ஃபால்ஸ் ஆர் த மெயின் அட்ராக்ஷன்'. இப்ப அருவிகள்தான் எழுவாய்.

"அப்ப ஃபைவ் ஃபால்ஸ்?"னா. நல்ல கேள்வி. இடத்தோட பேரா சொன்னா இஸ். நாமளும் ஐந்தருவிகள்னா சொல்றோம்? ஐந்தருவிதான். அஞ்சு கிளையையும் தனித்தனியா நினைச்சுச் சொன்னா ஆர். இன்னொண்ணு, எழுத்துல 'அருவிகள் விழுகின்றன'ன்னு எழுதுறோம், பேச்சுல 'அருவியெல்லாம் நல்லா விழுது'ங்கிறோம். அஃறிணைன்னா பேச்சுல வினைக்குப் பன்மையே வர்றதில்ல. இந்தப் பழக்கத்தோட போய் நின்னா இஸ், ஆர் தடுமாறத்தானே செய்யும்?

படிச்சதுல ஒண்ணுதான் என்னைத் தூங்க விடல. இதே மாதிரி வாக்கியத்துக்கு ஜெர்மன்ல பன்மை வினைதான் வரணும். இத்தாலியன்லயும் அப்படித்தான். அதாவது, அன்னைக்கு நான் சொன்ன அமைப்பு அங்கெல்லாம் சரி! இங்கிலீஷோட ஒரு ஏற்பாட்டுக்கா இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்?

அவ இஸ் போட்டு எழுதி முடிச்சுட்டா. திங்கக்கிழமை டெமோ கால் இருக்கு. நான் பேசுறேன்னு லீட்டுக்கு மெசேஜ் போட்டாச்சு.