கரைவலையும் கணினி விளையாட்டும்

புத்தளம் மாவட்டக் கடற்கரையிலே, சிலாபத்திற்கு வடக்கே, உடப்பு என்னும் தமிழூர் இருக்கின்றது. கரைவலைத் தொழிலுக்கும், வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலுக்கும் பேர்போன ஊர் அது. தோணியில் வலையை ஏற்றிச் சென்று கடலில் வளைத்து விடுவர்; அதன் இரு தலைக் கயிறுகளையும் கரையிலே இரு கூட்டத்தார் பற்றி இழுப்பர். மடியில் விழுந்த மீன் விலையாகிச் செலவு போக எஞ்சுவதில் சம்மாட்டிக்கு ஒரு பங்கு. இழுத்த கைகளுக்கு ஒரு பங்கு. தென்மேற்குக் காற்று எழுந்தால் அக்கரையில் தொழில் ஓய்ந்துவிடும். அக்காலத்தில் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் சென்று வாடி அமைப்பது அவ்வூராரின் நெடுநாள் வழக்கம்.

இவ்வூரிலோ கற்பிட்டியிலோ கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருக்கும் பையன் ஒருவன், இத்தகைய விளையாட்டுகளை ஆக்குவதையே தன் தொழிலாகக் கொள்ள விரும்பினால், பெற்றோர் அதை நகைத்துத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த வலையிலே பங்கு எவ்வாறு பிரிக்கப்படுகின்றது என்பதை அவன் அறிந்திருத்தல் நன்று.

அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தில் வாரன் ராபினெட் என்பவர் ‘அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டைத் தனியொருவராக ஆக்கினார். ஆக்கியவர் பெயரை வெளியிடுவது அந்நிறுவனத்தின் வழக்கமன்று. விற்பனையில் பங்கும் இல்லை. ஆகவே அவர் விளையாட்டுக்குள்ளேயே ஓர் இரகசிய அறையை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்துவிட்டு, 1979இல் வேலையை விட்டு விலகினார். முதலாளிகளுக்கு அது தெரியவே தெரியாது. விளையாடிய ஒரு சிறுவனே பின்னர் கண்டுபிடித்தான்! அதே ஆண்டில், அதே மனக்குறையோடு வெளியேறிய நால்வர் ஆக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்குகொண்டனர்.

பெயர் கிடைத்த பின்னரும் உழைப்பின் சுமை குறையவில்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் தம் வருங்காலக் கணவர் வாரத்தின் ஏழு நாளும் காலை 9 மணி முதல் இரவு 10 மணி வரை உழைக்க நேர்ந்ததை ஒரு பெண்மணி 2004இல் ஊரறிய எழுதினார். மேலதிக நேரத்துக்கு ஊதியம் கோரி ஓவியர்கள் தொடுத்த வழக்கை, அந்நிறுவனம் 2005இல் ஒரு கோடியே 56 இலட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. விளையாட்டு வெளிவரும் நாள் நெருங்குகையில் இரவுபகலாக வேலை வாங்கும் இவ்வழக்கத்துக்கு அத்தொழிலார் ‘கிரஞ்ச்’ என்று பெயரிட்டுள்ளனர்.

கடலுக்குக் காற்று மாறும் மாதம் தெரியும். இத்தொழிலில் அதுவும் தெரியாது. 2023 ஒக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனத்தை மைக்ரோசொப்ட் பெருவிலைக்கு வாங்கியது. மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், தன் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேரை நீக்கியது. அடுத்த மாதம் சோனி ஏறக்குறைய 900 பேரை நீக்குவதாக அறிவித்தது. அவ்வாறு நீக்கப்பட்டவன் வாடியைப் பெயர்த்துக்கொண்டு போக மறுகரை எங்கே? நிரல் எழுதும் திறன் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் உதவும். சித்திரத் திறன் திரைப்படத்துக்கு உதவும். விளையாட்டின் கட்டங்களை வகுப்பதொன்றையே கற்றவனுக்குத்தான் வழி குறுகல்.

கரைவலைக் கயிற்றைப் பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலி இழுக்கத் தொடங்கியது. பலர் நின்ற மணலில் சிலரே நின்றனர். கணினி விளையாட்டிலும் செயற்கை நுண்ணறிவு அத்தகைய சுழலியாகவே வந்து சேர்ந்திருக்கின்றது. அதை முன்னிட்டு அமெரிக்கக் குரல் நடிகர்கள் 2024 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 2025 ஜூன் வரை நீடித்தது. ஒருவர் குரலை இயந்திரத்தில் படியெடுப்பதாயின் அவருடைய ஒப்புதலைப் பெறவேண்டும் என்னும் விதி அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அவ்வொப்பந்தம் நடிகர் சங்கத்தாருக்கு மட்டுமே உரியது. ஓவியர்களும் நிரல் எழுதுவோரும் அதில் அடங்கவில்லை.