ஹம்ப்ரியின் நழுவலும் என் மூன்று பக்கமும்

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஓர் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் ஹூபர்ட் ஹம்ப்ரி. அவரைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். காரணம் என் கடன். சில ஆண்டுகளுக்கு முன் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் குறித்து நான் ஒரு சிறு வெளியீடு எழுதினேன். அதில் ஹம்ப்ரிக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தேன். மூன்று பக்கமும் பாராட்டுதான். போன மாதம் அதைப் படித்த தங்கை ஒருவர் இதே அறையில் கேட்டார்: "அண்ணா, வியட்நாம் போர் நடந்தப்போ இவர்தானே துணைக் குடியரசுத் தலைவர்? அதைப் பத்தி என்ன சொன்னார்?"

எனக்குப் பதில் தெரியும். சொல்லக் கூச்சமாக இருந்தது. "அது ஒரு சிக்கலான காலம்மா" என்று சமாளித்துவிட்டேன். ஹம்ப்ரியைப் பற்றிய கேள்விக்கு ஹம்ப்ரியைப் போலவே பதில் சொல்லியிருக்கிறேன் என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பதிலை இன்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மூன்று பக்கத்தைச் சொல்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. 1948 ஜூலை, பிலடெல்ஃபியா, ஜனநாயகக் கட்சி மாநாடு. ஹம்ப்ரிக்கு அப்போது வயது 37, மின்னியாபொலிஸ் நகர மேயர். தெற்கு மாநிலங்களின் வெள்ளை ஆதிக்கவாதிகள் கட்சியின் முதுகெலும்பாக இருந்த காலம். அவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்லியும், மாநில உரிமை என்ற நிழலிலிருந்து வெளியேறி மனித உரிமையின் வெளிச்சத்துக்கு வாருங்கள் என்று மேடையேறிப் பேசினார். தீர்மானம் நிறைவேறியது. மிசிசிப்பி பிரதிநிதிகள் முழுவதுமாக, அலபாமாவினரில் பாதிப்பேர் எழுந்து வெளியே போனார்கள். பிறகு 1964 சிவில் உரிமைச் சட்டம். செனட்டில் அதை முன்னின்று நடத்தியவர் இவர். தெற்கத்தியர்கள் மாதக்கணக்கில் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். கடைசியில் ஜூன் 10 அன்று 71-க்கு 29 என்று அந்த முட்டுக்கட்டை உடைந்தது. நம்முடைய சட்டங்கள் எப்படி இழுத்தடிக்கப்படும் என்று அறிந்தவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

நான் அத்தோடு நிறுத்தியிருந்தேன். அதே ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில் நடந்ததைக்கூட எழுதவில்லை.

மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதியவே விடாததால் அவர்கள் சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று தனியாக ஓர் அமைப்பு தொடங்கி, நாங்கள்தான் உண்மையான பிரதிநிதிகள் என்று மாநாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். பருத்திக் காட்டுக் கூலி. வாக்காளராகப் பதியப் போனதற்காகப் பண்ணையிலிருந்து துரத்தப்பட்டவர். வினோனா சிறையில் அவரை அடிக்க, அதே சிறையிலிருந்த கறுப்பினக் கைதிகளைத்தான் பயன்படுத்தினார்கள். இதை அவர் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கேமராக்களைத் தன் பக்கம் இழுக்க அவசரமாகச் செய்தியாளர்களைக் கூப்பிட்டார் குடியரசுத் தலைவர் ஜான்சன். இந்தத் தகராறை முடித்துக்கொடு என்ற வேலை ஹம்ப்ரியிடம் வந்தது. துணைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அவரை அறிவிப்பார்களா மாட்டார்களா என்பது அப்போது ஊசலில் இருந்தது. அவர் கொண்டுவந்த சமரசம்: அந்த மக்களுக்கு இரண்டு இடம், அதுவும் மிசிசிப்பியின் பெயரில் இல்லை. பல இலட்சம் கறுப்பின மக்களின் உயிரைவிட உங்கள் பதவி பெரிதா என்று ஹேமர் நேருக்கு நேர் கேட்டார். ஹம்ப்ரி கண் கலங்கினார் என்று சொல்வார்கள். வேட்பாளராகவும் ஆனார்.

இப்போது போருக்கு வருகிறேன். என்னை அதிகம் உறுத்துவது ஒன்றுதான்: ஹம்ப்ரிக்குத் தெரியும். தெரியாமல் ஆதரித்தவர் என்றால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 1965 பிப்ரவரியில், பதவியேற்ற சில வாரங்களிலேயே, ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஏன் நடக்கிறது என்று மக்களுக்கு விளங்காத போரை நெடுநாள் நடத்த முடியாது. தேர்தலில் இவ்வளவு பெரிய வெற்றி பெற்றிருக்கும் இந்த ஆண்டில் பின்வாங்கினால் அரசியல் இழப்பு மிகக் குறைவு என்பது அதன் சாரம். எவ்வளவு தெளிவு பாருங்கள். மார்ச்சில்தான் முதல் கடற்படை வீரர்கள் டா நாங்கில் இறங்கினார்கள்.

ஜான்சனுக்குக் கோபம். வியட்நாம் பற்றிய முக்கியக் கூட்டங்களிலிருந்து ஹம்ப்ரியைத் தள்ளிவைத்தார். ஏறத்தாழ ஓராண்டு அந்த ஒதுக்கல். 1966 தொடக்கத்தில் வியட்நாமுக்கு ஒரு சுற்றுப்பயணம் அனுப்பினார்கள். திரும்பி வந்த ஹம்ப்ரி போரின் விற்பனையாளராக மாறியிருந்தார். 1967-இல் சைகோனில் பேசும்போது இதை அற்புதமான சாகசம் என்றே சொன்னார். குறிப்பு மட்டும் கோப்பில் கிடந்தது. 1976-இல் வெளியான தன்வரலாற்றில்தான் அதை அவரே வெளியிட்டார்; போர் முடிந்து ஓராண்டு கழித்து.

"போரும் நிறமும் வேறு வேறு பிரச்சினை இல்லையா?" என்று நம்மில் சிலரே கேட்பார்கள். அன்றும் கேட்டார்கள். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் வேலை செய்த மாணவர் அமைப்பான எஸ்.என்.சி.சி. 1966 ஜனவரி 6 அன்று போரை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. அதற்கு மூன்று நாள் முன்புதான் டஸ்கீகியில், வெள்ளையருக்கு மட்டுமான கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதற்காக சாமி யங் என்ற மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கடற்படையில் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்த அறிக்கையை ஆதரித்தார் என்பதற்காக ஜூலியன் பாண்டை, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவரை, ஜார்ஜியா சட்டமன்றம் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தலையிட்ட பிறகே விட்டார்கள்.

போர்முனைக்கு யார் போனார்கள் என்பதையும் பாருங்கள். கல்லூரியில் படிக்கிறவனுக்கு ஒத்திவைப்பு கிடைக்கும். படிக்க வசதி இல்லாதவனுக்கு? பாதுகாப்புத் துறைச் செயலர் மெக்நமாரா 1966-இல் 'ஒரு இலட்சம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தேர்வில் தேறாதவர்களுக்கான தகுதியைத் தளர்த்திப் படையில் சேர்ப்பது. வறுமைக்கு மருந்து என்று அதற்கு விளக்கம் வேறு. மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். நமக்குப் புரியாத கணக்கா இது? தகுதி தகுதி என்று வாசலிலேயே நிறுத்துகிறவர்கள், சாகிற வேலை வந்ததும் தகுதியை எவ்வளவு சுலபமாக மறந்துவிடுகிறார்கள்!

மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் போரை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். ஏழைகளுக்கான திட்டப் பணத்தைப் போர் தின்கிறது, ஏழைகளின் பிள்ளைகளையும் தின்கிறது என்றார். பெரிய பத்திரிகைகள் அவரைத் தாக்கின. கறுப்பின மக்களின் மிகப் பழைய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.கூட இரண்டையும் கலப்பது தவறான உத்தி என்று தீர்மானம் போட்டது. சட்டம் கொண்டுவந்த ஜான்சனையும் ஹம்ப்ரியையும் சங்கடப்படுத்தலாமா என்ற கவலை பலருக்கு. நன்றிக்கடன்! 'நமக்கு இவ்வளவு செய்தவரை' என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்து நம் வாயை மூடச் சொல்லப் போகிறார் என்று எனக்கு இப்போதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கிங் சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். அந்த மாதமே 27ஆம் தேதி ஹம்ப்ரி தன் வேட்பாளர் அறிவிப்புக் கூட்டத்தில் 'மகிழ்ச்சியின் அரசியல்' என்றார். எந்த மகிழ்ச்சியைச் சொன்னாரோ.

1968 முழுக்க அவர் போட்ட நடனத்தைச் சொல்ல வேண்டும். போரை ஆதரிக்கிறீர்களா என்றால், அமைதியை விரும்புகிறேன் என்பார். குண்டுவீச்சை நிறுத்துவீர்களா என்றால், பாரிஸ் பேச்சுவார்த்தையைக் குலைக்கக் கூடாது என்பார். ஒரு நாட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு குடியரசுத் தலைவர்தான் இருக்க முடியும் என்பார். நம் ஊரில் இதற்கு வழவழா கொழகொழா என்று பெயர். ஜூலையில் குண்டுவீச்சை நிறுத்தும் யோசனையோடு ஒரு வரைவு தயாரானது. ஜான்சனிடம் எடுத்துப் போய்க் காட்டினார். ஜான்சன் கூடாது என்றதும் மடித்து வைத்துவிட்டார். ஆகஸ்டு 28 அன்று சிகாகோ மாநாட்டில் அமைதித் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. வெளியே, அவர் தங்கியிருந்த விடுதியின் வாசலிலேயே, காவல்துறை இளைஞர்களை அடித்து நொறுக்கியது. கண்ணீர்ப்புகை மேலே அவர் அறைவரை போனது.

செப்டம்பர் 30 அன்றுதான், சால்ட் லேக் சிட்டியில், காசு கொடுத்து வாங்கிய தொலைக்காட்சி நேரத்தில், அமைதிக்காக வடக்கின் மீதான குண்டுவீச்சை நிறுத்தும் அபாயத்தை ஏற்கலாம் என்றார். பேச்சு மேசையிலிருந்து துணைக் குடியரசுத் தலைவர் முத்திரையை எடுத்துவிட்டுப் பேசினார். அதிலும் நிபந்தனைகள் உண்டு, மீண்டும் தொடங்கும் உரிமையும் உண்டு. அரைகுறைப் பேச்சு. ஆனால் அதுவரை கூட்டத்துக்குக் கூட்டம் கூச்சலிட்ட இளைஞர்கள் அமைதியானார்கள், பணம் வந்தது. செப்டம்பர் இறுதிக் கருத்துக்கணிப்பில் நிக்சனுக்கு 43, ஹம்ப்ரிக்கு 28. நவம்பர் 5 அன்று எண்ணியபோது 43.4, 42.7. ஏறக்குறைய ஐந்து இலட்சம் வாக்கில் தோற்றார்.

"போர் எதிர்ப்பு இளைஞர்கள் அவரை விமர்சித்ததால்தான் நிக்சன் வந்தார்" என்று இன்றும் எழுதுகிறார்கள். இந்த வாதம் நமக்குப் பழக்கமானது. விமர்சித்தால் எதிரி வந்துவிடுவான், அதனால் தேர்தல் முடியட்டும். தேர்தல் முடிந்ததும், ஆட்சி இப்போதுதானே அமைந்திருக்கிறது. அந்த ஏற்றத்துக்குத் தொழிற்சங்கங்களின் உழைப்பும், இனவெறியர் வாலஸின் சரிவும், கடைசி நேரத்தில் ஜான்சனே குண்டுவீச்சை நிறுத்தியதும் காரணம்தான். எல்லாவற்றையும் அந்த ஒரு உரைக்கு எழுதிவைக்க மாட்டேன். இருந்தாலும் வாய் திறந்த பிறகுதான் அவர் ஏறினார் என்பது தேதியிலேயே இருக்கிறது. அவரை வாய் திறக்க வைத்தது, கூட்டங்களில் அவரைப் பேசவிடாமல் செய்த அதே இளைஞர்கள்தான். நிக்சன் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. அவரும் பாரிஸ் பேச்சுவார்த்தையைக் காட்டித்தான் நழுவினார். அவர் ஆட்சியில் போர் இன்னும் நான்காண்டு ஓடி, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். வியட்நாமியர் கணக்கு தனி. 1995-இல் அந்நாட்டு அரசு சொன்னபடி பொதுமக்கள் மட்டும் ஏறக்குறைய இருபது இலட்சம்.

அவரால் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டால், பதவி விலகியிருக்கலாம். அது நடக்காத காரியம் இல்லை. 1951-இல் அண்ணல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்தார். விலகல் அறிக்கையின் பிரதியை முன்கூட்டித் தா என்று நாடாளுமன்றத்தில் நிபந்தனை போட்டபோது, அவையைவிட்டே வெளியேறினார். இந்து சட்ட மசோதா மட்டுமல்ல, தாழ்த்தப்பட்டோர் நிலை, வெளியுறவுக் கொள்கை எல்லாம் அந்த அறிக்கையில் உண்டு. எது என் துறை, எது என் துறை இல்லை என்று அவர் பிரித்துக்கொள்ளவில்லை.

1969 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரசில் ஷெர்லி சிஷம் தன் முதல் உரையை ஆற்றினார். அந்த அவைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். குழந்தைகளுக்குப் பணம் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆயுதத்துக்குப் பணம் கேட்டு வரும் எந்த மசோதாவுக்கும் இல்லை என்றுதான் வாக்களிப்பேன் என்றார். புதிய உறுப்பினர், ஒற்றை வாக்கு, கட்சிக்குள் செல்வாக்கு ஒன்றும் கிடையாது. 1972-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளர் போட்டிக்கு வந்தபோது அதே களத்தில் ஹம்ப்ரியும் நின்றார். என் வெளியீட்டில் சிஷமுக்கு எத்தனை பக்கம் என்று நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒரு வரி.

அந்த மூன்று பக்கத்தை நான் கிழிக்கப் போவதில்லை. 1948-இல் அந்த மேடையில் ஏறியது உண்மை. ஆனால் அட்லாண்டிக் சிட்டியும், கோப்பில் கிடந்த குறிப்பும், சைகோன் பேச்சும் சேராத வரை அது அரைப் பொய்தான். அடுத்த பதிப்புக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்ட தங்கை முன்வரிசையில்தான் இருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் அவரே மெய்ப்புப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எட்டரைக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்களாம்.