லாங்ஹோம் மேட்டுநிலத்துப் பறவைகள்



ஸ்காட்லாந்தின் தென் எல்லையில், லாங்ஹோம் என்னும் சிற்றூரை அடுத்து, மரங்கள் அதிகமின்றிக் காற்றும் மழையுமே குடியிருக்கும் மேட்டுநிலம் ஒன்று குன்று குன்றாகப் பரந்து கிடக்கிறது. ஹெதர் என்ற குறும்புதர் பூத்து அக்குன்றுகளை ஊதா நிறத்தில் போர்த்திவிடும் ஆகஸ்டு மாதத்தில் அதைக் காண்பவர், இது முழுதும் இயற்கையின் சிருஷ்டி என்றே எண்ணுவார். உண்மையில் மனிதன் வேட்டைக்காகப் பராமரித்து வந்த நிலம் அது. கோழியினத்தைச் சேர்ந்த கிரௌஸ் என்னும் பட்சியை, ஆகஸ்டு 12-ஆம் தேதி தொடங்கிச் சுட்டு வீழ்த்துவது அந்நாட்டுப் பிரபுக்களின் பழைய விநோதம். அந்தப் பட்சிக்கு ஆகாரம் ஹெதரின் இளந்தளிர்; ஒளிவிடமோ முதிர்ந்த புதர். இரண்டும் அருகருகே வேண்டுமென்பதற்காக, எஸ்டேட்டின் காவலாட்கள் நிலத்தைச் சிறுசிறு துண்டுகளாக முறைவைத்து எரிப்பார்கள். நரியையும் காகத்தையும் அண்டவிடாமல் கொன்றொழிப்பார்கள். இந்தக் காவலின் நிழலில், தரையில் முட்டையிடும் ஆள்காட்டியும், பொன்னிற உப்புக்கொத்தியும், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடைய கர்லூவும் யாரும் அழைக்காமலே வந்து குஞ்சு பொரித்தன.

ஆனால் அதே ஹெதருக்குள் கூடு வைக்கும் பூனைப்பருந்து, கிரௌஸ் குஞ்சைத் தூக்கும் குற்றத்துக்காகக் காவலாளின் பகையைத் தேடிக்கொண்டது. நம் திருநெல்வேலிச் சீமைப் புல்வெளிகளுக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகளுக்கு இது நெருங்கிய பங்காளி. ஆண் சாம்பல் நிறம், பெண் பழுப்பு. ஆண் இரையுடன் வந்து குரல் கொடுத்ததும், அடைகாக்கும் பெண் புதரிலிருந்து மேலெழுந்து, அந்தரத்தில் மல்லாந்து கால்களை நீட்டி, மேலிருந்து அது நழுவவிடும் எலியைப் பிடித்துக்கொண்டு மீளும் லாகவத்தைப் பார்த்தவர், இப்பறவையைக் கொல்லத் துணிந்தவரின் மனத்தை எண்ணி வியக்கவே செய்வார். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பாதுகாப்பளித்தது. ஆயினும், 2007 முதல் 2017 வரை செயற்கைக்கோள் கருவி பூட்டிப் பறக்கவிட்ட 58 பூனைப்பருந்துகளில் 72 சதவீதம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டன, அல்லது கொல்லப்பட்டிருக்கவே மிகவும் சாத்தியம் என்று 2019-இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. ஆளரவமற்ற குன்றின்மேல் சட்டத்தின் கை எவ்வளவு குறுகியது பாருங்கள்!

லாங்ஹோமில் மட்டும் 1992 முதல் ஐந்தாண்டுக் காலம், வேட்டைக்காரர் தரப்பும் பறவை அன்பர் தரப்பும் சேர்ந்து, பருந்தைத் தொடுவதில்லை என்ற நிபந்தனையோடு ஒரு பரிசோதனை நடத்தினர். முதலில் இரண்டே பெண் பருந்துகள் முட்டையிட்ட இடத்தில் 1997-இல் 20 பெண் பருந்துகள் முட்டையிட்டன. கிரௌஸ் குஞ்சுகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அவற்றுக்கு இரையாயின, வேட்டை நின்றுபோயிற்று. பழியெல்லாம் பருந்தின் தலையில் விழுந்தது. ஆட்டு மந்தைகள் அளவுமீறி மேய்ந்ததால், 1948-க்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த ஹெதரில் ஏறக்குறைய பாதி அழிந்து புல்லாக மாறியிருந்ததையும், அந்தப் புல்லில் பெருகிய எலிகளும் சிறு குருவிகளுமே பருந்துகளைத் திரளாக வரவழைத்தன என்பதையும் சாவகாசமாகக் கேட்டறிந்தவர் சிலரே.

வேட்டை நின்றபின் காவலாட்களும் விலக்கப்பட்டார்கள். இனிப் பருந்துக்கு யோககாலம் என்றுதானே எவரும் நினைப்போம்? நரி பெருகிற்று, காகம் பெருகிற்று. கிரௌஸும் ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் குறைந்தன. தரையில் கூடு வைப்பதாகையால் பருந்தும் தப்பவில்லை. சில ஆண்டுகளில் அது மீண்டும் இரண்டு மூன்று கூடுகளுக்கு இறங்கிவிட்டது. தன்னைக் கொல்ல நினைத்தவனின் காவலே தன்னையும் காத்தது என்ற இந்த விபரீதத்தை, இரு தரப்பாரில் எவரும் மனமுவந்து ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

2008-இல் மறுபடியும் பத்தாண்டுத் திட்டம் ஒன்று ஆரம்பித்தது. காவலாட்கள் திரும்பினார்கள். பருந்துக் கூட்டருகே செத்த வெள்ளெலியும் கோழிக்குஞ்சும் வைத்து அதன் கவனத்தைத் திருப்பினார்கள். கிரௌஸ் குஞ்சுகளை அது கொண்டுவருவது வெகுவாகக் குறைந்தது. பருந்தும் ஓரளவு பெருகிற்று. ஆனால் வேட்டைக்குப் போதுமான கிரௌஸ் மட்டும் திரும்பவில்லை. முடிவில் அந்நிலம் விலைக்கு வந்தது. ஊர்மக்களே நன்கொடை திரட்டி, 2021-இலும் 2022-இலும் இரு தவணையாக 10,000 ஏக்கருக்கு மேல் வாங்கி, டாராஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகமாக நடத்தி வருகிறார்கள். மற்ற குன்றுகளுக்காக ஸ்காட்லாந்து 2024-இல் ஒரு சட்டம் இயற்றி, கிரௌஸ் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்றும், குற்றம் நேர்ந்தால் அது பறிபோகுமென்றும் விதித்திருக்கிறது.

என் அபிப்பிராயத்தில் சீட்டைப் பறிக்கும் அதிகாரம் நல்லதே; ஆனால் அது பாதி வேலைதான். நரியின் தடமும் கூடிருக்கும் புதரும் அறிந்த காவலாளுக்கு, கிரௌஸைக் காப்பதற்குக் கொடுத்த அதே சம்பளத்தைக் கர்லூவையும் பருந்தையும் சேர்த்துக் காப்பதற்கும் கொடுக்க யாரேனும் முன்வந்தால்தான் மீதிப் பாதி நிறைவேறும்.